கால்களை எண்ணிப் பார்ப்பது

வன்னியில் பூச்சிப் படம் எடுக்க நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால், ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த கிழமை என்று சொல்வேன். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த மண் ஒரே இரவில் இளகிவிடும். ஈசல் கிளம்பும். விடியும்போது பாதையோரப் புல்லுக்குள் தம்பளப்பூச்சிகள் வந்திருக்கும். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் அதைப் பிடித்து நெருப்புப்பெட்டிக்குள் வைத்து விளையாடாதவர்கள் குறைவு. உடம்பு முழுக்கப் பட்டு மயிர், நல்ல இரத்தச் சிவப்பு. தொட்டால் கால்களை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். உண்மையில் அது பூச்சி இனமில்லை. உண்ணிக்கும் சிலந்திக்கும் சொந்தம், எட்டுக் கால். மண்ணுக்குள் நீண்ட காலம் இருந்துவிட்டு மழை ஈரம் கண்டுதான் வெளியே வரும்.

அகநானூற்றில் ஒரு முல்லைப் பாட்டு இருக்கிறது, 14 ஆவது பாட்டு. அரக்கின் நிறமான செம்மண் பாதை. அதிலே காயாம்பூ உதிர்ந்து பரந்து கிடக்கிறது. அதற்கிடையே மூதாய், அதாவது நம்முடைய தம்பளப்பூச்சி, ஊர்ந்து திரிகிறது. பவளமும் நீலமணியும் கலந்து கிடந்ததுபோல் இருக்கிறது என்கிறார் புலவர். மண்ணின் நிறம், பருவம், மரம், உயிர் நாலும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிட்டன. அந்த நாலும் ஒன்றாகச் சேருகிற நேரத்தில் அந்தப் பாதையில் நின்று பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். அந்த வரிகளில் எது அழகு, எது அவதானம் என்று பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. கமராவோடு நான் செய்ய ஆசைப்படுவதும் இதைத்தான்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் பள்ளிக்கூட முறை எல்லாருக்கும் தெரியும். சாதாரண தரம் முடிய, கெட்டிக்காரப் பிள்ளை என்றால் விஞ்ஞானப் பிரிவு. சித்திரம் அத்தோடு சரி. சித்திரம் நன்றாக வரைகிற பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகும். தவளையின் இதயத்தை அதற்குப் பிறகு பார்க்காது. செய்முறைக் கொப்பியில் என் பிள்ளைகள் பென்சிலால் ஒற்றைக் கோட்டில் வரைவார்கள். நிழல் போடக் கூடாது, நிறம் தீட்டக் கூடாது, பாகங்களுக்குப் பெயர் எழுத வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடிக்கும். கண்ட பாகத்தை மட்டும் வரையச் சொல்லும் நல்ல பழக்கம் அது. ஆனால் அதிலிருந்து பிள்ளைகள் வேறொன்றையும் படித்துவிடுகிறார்கள். அழகாக இருப்பதைக் கவனிப்பது தங்கள் வேலை இல்லை என்று. இது எனக்கு மனம் ஒப்பாத விஷயம்.

அதுவும் அவர்கள் வேலைதான் என்பதை முசுறு எறும்பு கூடு கட்டிய ஒரு மரத்தடியில் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. வன்னியில் மாமரம் இருக்கிற வளவில் பெரும்பாலும் முசுறுக்கூடும் இருக்கும். இலைகளை இழுத்துப் பிடிக்க ஒரு கூட்டம், அவற்றைத் தைக்க இன்னொரு கூட்டம். தைக்கிற நூலை வளர்ந்த எறும்பு சுரப்பதில்லை. தன் கூட்டத்துக் குடம்பியை, அதாவது புழுப்பருவத்துக் குஞ்சை, வாயில் கவ்வி, ஓர் இலை விளிம்பிலிருந்து மற்ற இலை விளிம்புக்குக் கொண்டுபோய் வைத்து எடுக்கும். குடம்பி பட்டு நூலை விடும். இதைப் படமெடுக்கவென்று மரத்தடியில் நின்றோம். எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடீரென்று, "ரீச்சர், இதுக்கு எட்டுக் கால்" என்றாள்.

அது எறும்பே இல்லை. முசுறின் வேடம் போட்ட, தத்திப் பாயும் சிலந்தி. மிர்மாப்லாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்பது அறிவியல் பெயர். இலங்கையிலும் இந்தியாவிலும் முசுறு இருக்கிற மரங்களில் இருக்கும். நிறம் அதே செம்மஞ்சள். எறும்புக்குத் தலை, நெஞ்சு, வயிறு என்று மூன்று பகுதி தெரியுமே, அதற்கேற்ப இதன் உடம்பும் நடுவில் இடுங்கி இருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டு நடக்கும், அதனால் நிலத்தில் ஊன்றுவது ஆறு கால் மட்டும். ஆண் சிலந்திக்குத் தாடை நீண்டு முன்னால் நீட்டியிருக்கும். பார்த்தால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போகிறது என்றே நினைப்போம். முசுறு கடிக்கும், அமிலம் பீச்சும், கூட்டமாக வரும். அதனால் பூச்சி தின்னும் பல உயிர்கள் முசுறைச் சீண்டுவதில்லை. அந்தப் பயத்தின் மறைவில் இந்தச் சிலந்தி பிழைக்கிறது. முசுறுகளுக்கு நடுவே வாழ்ந்தாலும் அவற்றின்மேல் முட்டாமல் விலகி விலகித்தான் நடக்கும்.

அன்று நாங்கள் அதை இரண்டு கோணத்தில் எடுத்தோம். மேலிருந்து எடுத்த படத்தில் அது முழுக்க எறும்பு. முன்னாலிருந்து, அதன் கண் மட்டத்துக்குக் கமராவை இறக்கி எடுத்த படத்தில் பெரிய இரண்டு கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. எந்த எறும்புக்கும் அப்படிக் கண் கிடையாது. முதற்படம் ஏமாறுகிறவரின் பார்வை, ஒரு குருவியோ குளவியோ காண்பது. இரண்டாவது, ஏமாற்றுகிறவரின் முகம். எது நல்ல படம் என்று பிள்ளைகள் வாதாடினார்கள். எந்தக் கோணத்தில் நிற்பது என்பது கலைஞர் எடுக்கிற முடிவு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இங்கே அந்த முடிவு, போலி வேடம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய ஒரு கூற்றாகவும் ஆகிவிட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி முழுக்கச் சொல்ல வேண்டியதை அவை சொல்லிவிட்டன.

பூச்சிப் படத்தில் அழகும் அறிவும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்கின்றன என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நான் இன்னும் ஒரு படி போவேன். இரண்டும் ஒரே வேலைதான். அதற்குப் பௌதிகமே சாட்சி.

ஒரு பூச்சியின் உருவம் அதன் உண்மையான அளவிலேயே சென்சரில் விழும்படி நெருங்கினால், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கத்தில், லென்ஸ் துளையை எஃப் 11 இல் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சின்னது) கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். இரண்டு மடங்குக்குப் போனால் அதில் பாதிகூட இல்லை. துளையைச் சின்னதாக்கினால் ஆழம் கூடும்தானே என்று கேட்கலாம். கூடும். ஆனால் ஒளி சின்னத் துளையின் விளிம்பில் பட்டு விரிந்து, படம் முழுக்க மென்மையாகிவிடும். நெருங்கி எடுக்கும்போது இந்தத் தொல்லை இன்னும் கூட. ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 16 என்று வைத்தது எஃப் 32 போல வேலை செய்யும். ஆகவே ஒரு முழுப் பூச்சியும் கூர்மையாக வரும் படம் ஒரே சொடுக்கில் கிடைப்பது அருமை. உங்களுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீற்றர். எந்த மில்லிமீற்றர் என்பதை நீங்கள் தெரிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் அந்த உயிரைப் பற்றித் தெரிந்திருப்பது கைகொடுக்கிறது. பெரும்பாலும் கண்ணைத்தான் கூர்மையாக்குவோம், நம் கண் கண்ணைத்தான் தேடும். ஆனால் கத்தரிச் செடியில் இருக்கிற ஒரு பூச்சியைக் காட்டி, "இது பயிருக்குக் கூடாததோ?" என்று ஒரு கமக்காரர் கேட்டால் கண் போதாது. வாயைப் பார்க்க வேண்டும். செடியில் சாறு உறிஞ்சுகிற பூச்சியின் மூக்கு பொதுவாக மெல்லியதாய், வயிற்றோடு ஒட்டி மடிந்திருக்கும். மற்றப் பூச்சிகளைக் குத்தி உறிஞ்சுகிற கொலைப்பூச்சியின் மூக்கு தடித்து, குட்டையாய், வளைந்திருக்கும். அந்த வளைவில் விழுந்த ஒரு மில்லிமீற்றர்தான், மருந்து அடிப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. அதோடு, அந்த வளைவு கூர்மையாக வந்த படம் பார்க்கவும் பயங்கர அழகாக இருக்கும்.

ஆழத்தைக் கூட்ட இன்னொரு வழி உண்டு. கூர்மைப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் அவற்றின் கூர்மையான பகுதிகளை மட்டும் ஒன்றாக அடுக்குவது. உயிருள்ள பூச்சி அசையும், ஆகவே அது அசையாத நேரம் வேண்டும். மார்கழி, தை மாத விடியற்காலை அதற்கு ஏற்றது. குளத்து அலைகரைப் புல்லில் தும்பிகள் இரவு முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும்; இறக்கையில் பனி கோத்திருக்கும். வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை பறக்காது. முத்தையன்கட்டுக் குளத்தின் ஓரங்களில் அந்த நேரத்தில் காற்றும் இருக்காது. சோளகம் வீசும் ஆனி, ஆடியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. அப்போது வீட்டுச் சுவர்களும் மரத்தண்டுகளும்தான் களம்.

சாமான் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. விலைகூடிய லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம் ஒன்று போதும்; போனுக்கு மேல் கவ்வும் சின்ன லென்ஸும் உண்டு. வெளிச்சத்தை மென்மையாக்கத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். வண்டின் முதுகு கண்ணாடிபோல் மினுங்கும். பிளாஷை நேரே அடித்தால் அதில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், முதுகில் உள்ள குழிகளும் வரிகளும் அதற்குள் மறைந்துபோகும். இனம் கண்டுபிடிக்க அந்தக் குழிகளும் வரிகளும்தான் வேண்டும். பிளாஷுக்கு முன் யோகட் கப்பை வெட்டி ஒட்டி, அதற்கு மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வளைத்து வைத்தால் வெளிச்சம் பரந்து விழும். வடிவும் வரும், விவரமும் வரும்.

மறுபக்கத்தில், கடினமான பக்க வெளிச்சமே தேவைப்படுகிற இடமும் உண்டு. படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016 இல் ஆபிரிக்காவில் கண்டார்கள், 2018 இல் இந்தியாவுக்கு வந்தது, அதே ஆண்டின் கடைசியில் இலங்கைச் சோளன் வயல்களுக்குள் புகுந்தது. சேனாப் புழு என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். அப்போதிருந்து வட்ஸ்அப்பில் எனக்குப் புழுப் படங்கள் வருகின்றன. "ரீச்சர், இது அந்தப் புழுவோ, இல்லாட்டில் வேறயோ?" தலையில் தலைகீழான ஆங்கில Y எழுத்துப்போல ஒரு வெளிர் கோடு இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வேறு சில புழுக்களுக்கும் அது கொஞ்சம் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. வயிற்றின் எட்டாம் கண்டத்தில், வால் பக்கம், நாலு கறுப்புப் புள்ளிகள் சதுரமாக நிற்க வேண்டும். அவை சற்று மேலெழும்பிய புள்ளிகள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகிவிடும். ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நாலும் நிழலோடு எழும்பி நிற்கும். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு சில கமக்காரர்கள் அனுப்புகிற படங்கள் என் படங்களைவிட நன்றாக இருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓர் ஓவியர் யோசிக்கிற கேள்விதான் அது.

ஓவியர்கள் இந்த வேலையை நமக்கு முன்பே செய்துவிட்டார்கள். மரியா சிபில்லா மேரியன் 1647 இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பட்டுப்புழு வளர்த்தவர். 1699 இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே புழுக்களைப் பிடித்து வளர்த்து, எது எதைத் தின்கிறது, எந்தக் கூட்டிலிருந்து எது வெளிவருகிறது என்று பார்த்து வரைந்தார். நோய் வந்து 1701 இல் திரும்பினார். 1705 இல் அந்தப் படங்கள் 60 தகடுகளாக நூலாக வெளிவந்தன. அந்தக் காலத்துப் பூச்சி நூல்களில் பூச்சியைத் தனியே, வெறும் தாளில் வரைவதே பெரும்பாலும் வழக்கம். மேரியன் முட்டை, புழு, கூடு, பறக்கும் பூச்சி எல்லாவற்றையும் அது வாழ்கிற செடியோடு ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார். சட்டகத்தை நிரப்ப அழகுக்காகச் செடி வைத்தார் என்று யாராவது நினைத்தால் அது தவறு. உணவுச்செடி இல்லாமல் அந்தப் புழுவின் கதை இல்லை. பிறகு சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும்போது மேரியனின் படங்களை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

இலங்கையிலும் இதற்கு ஒரு குடும்பம் உண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸும் அவர் மகன்மார் வில்லியமும் ஜோர்ஜும் 19 ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வரைந்தார்கள். ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பெரிய நூலுக்கு அந்தப் படங்கள்தான் அடிப்படை. நூலின் முகப்பில் மூரின் பெயர் இருக்கிறது. புழுவின் ஒவ்வொரு புள்ளியையும் உட்கார்ந்து பார்த்தவை அந்த ஓவியர்களின் கண்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், வருடாவருடம்.

மேரியனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது செடி. போட்டிகளில் பரிசு வாங்குகிற பூச்சிப் படங்களில் பின்னணி பெரும்பாலும் ஒரே பச்சையாகக் கரைந்திருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் அது எந்த இலையில் இருந்தது? முட்டை இட வந்ததா, தேன் குடிக்க வந்ததா, சும்மா இளைப்பாறியதா? எருக்கலையில் இருக்கும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியையும் நாயுண்ணிப் பூவில் இருக்கும் அதே வண்ணத்துப்பூச்சியையும் பின்னணி கரைத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. எருக்கலையில் அது தன் அடுத்த தலைமுறைக்கு இடம் பார்க்கிறது. எருக்கலைப் பாலின் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அதனால் அதைத் தின்ன வந்த குருவி துப்பிவிடும். அந்த இலை படத்தில் இல்லையென்றால் பாதிக் கதை போய்விட்டது. இலையின் தடித்த, மாப்பூசிய சாம்பல் பச்சைக்கு எதிரே அந்தச் செம்மஞ்சள் நிற்கிற அழகும் போய்விட்டது.

இன்னொன்று. அந்தி நேரத்தில் வீட்டுத் தாழ்வாரத்துக்குள் தாழப் பறந்து வந்து, விழுந்து அழுகும் மாம்பழத்தில் மொய்க்கிற ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி உண்டு. மெலனைற்றிஸ் லீடா. மாரியில் வெளிவருபவற்றின் இறக்கை அடிப்பக்கத்தில் வரிசையாகக் கண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். கோடையில் வெளிவருபவற்றில் அந்தப் புள்ளிகள் மங்கிப்போய், இறக்கை முழுக்கக் காய்ந்த சருகின் நிறம், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. இரண்டும் ஒரே இனம். வன்னியில் மாரிக்கும் கோடைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அந்த இறக்கை சொல்கிறது. பச்சைப் புல்லுக்குள் இருக்கும்போது குத்த வரும் அலகைக் கண்புள்ளி விளிம்புப் பக்கம் இழுக்கும். சருகுக்குள் இருக்கும்போது சருகாய் இருப்பதே காப்பு.

கோடைக்கால வடிவத்தை எப்படிப் படமெடுப்பது? நான் பலநாள் யோசித்த கேள்வி இது. பூச்சியை மட்டும் கூர்மையாக்கிச் சுற்றியுள்ளதைக் கரைத்தால், அது மறைந்திருக்கிறது என்ற உண்மையையே படம் அழித்துவிடும். ஆகவே சருகுகளும் அதே கூர்மையில் வர வேண்டும். வெளிச்சம் எல்லாவற்றின்மீதும் சமமாக விழ வேண்டும். படத்தைப் பார்ப்பவர் முதலில் அதைக் காணாமல் விட வேண்டும், பிறகு கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு படத்தை வகுப்பில் காட்டினேன். கொஞ்ச நேரம் "வெறும் சருகுதானே" என்றார்கள். பிறகு ஒருவன் எழும்பி வந்து விரலை வைத்தான். குருவிக்கு நடப்பது அவர்களுக்கு நடந்தது.

இப்படிப்பட்ட படத்துக்குத் திகதி அவசியம். மாரிப் படம், கோடைப் படம் என்று தெரியாவிட்டால் இரண்டும் வெறும் இரண்டு அழகான படங்கள். கமராவின் மணிக்கூட்டைச் சரியாக வைப்பது, எந்த ஊர், எந்த மரம் என்று அன்றைக்கே எழுதி வைப்பது, இதெல்லாம் படமெடுக்கிற வேலையின் ஒரு பகுதி. நிறத்தைக் கணினியில் கூட்டிக் கூட்டிச் சிவப்பை இரத்தமாக்குவதையும் நான் இதனால்தான் எதிர்க்கிறேன். தும்பிகளில் ஓர் இனத்தை மற்றதிலிருந்து பிரிப்பது சில வேளை அந்தச் சிவப்பின் தன்மைதான்.

அப்புறம், பொய்ப் படங்கள். பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து விறைக்கவிட்டு எடுத்து, பூவில் உட்கார வைப்பவர்கள் இருக்கிறார்கள். பசை போட்டு ஒட்டுகிறவர்கள், நூலால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மழையில் தவளை இலையைக் குடையாகப் பிடித்திருக்கும் படமும், வண்டின்மேல் நத்தை சவாரி செய்யும் படமும் காலை வணக்கத்தோடு எல்லார் போனுக்கும் வந்திருக்கும். அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை ஒரு பக்கம். என்னை அதைவிடக் கோபப்படுத்துவது, அவை கலை என்ற பெயரில் போவது. விறைத்த வண்ணத்துப்பூச்சி கால்களை வைத்திருக்கும் விதம் உயிரோடு பூவைப் பற்றும் விதம் இல்லை. அந்தக் காலைப் பார்த்தவருக்குப் படம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். பொய்யான அவதானத்தில் நல்ல கலை வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன். புழுவை வீட்டில் வளர்த்து எடுத்தால் வளர்த்தது என்று எழுதலாம். அடுக்கிய படம் என்றால் அடுக்கியது என்று எழுதலாம். அதில் ஒரு குறைவும் இல்லை. மேரியனும் வளர்த்துத்தான் வரைந்தார்.

வன்னியில் நிலத்தில் படுத்துப் படமெடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளக்கட்டில் நான் குப்புறப் படுத்திருக்க, சைக்கிளில் போன ஓர் ஐயா நிறுத்தி, "என்ன பிள்ளை தேடுறியள், தோடு கீடு விழுந்திட்டுதோ?" என்றார். காட்டினேன். கமராத் திரையில் ஒரு குழியானை, மண்ணில் கூம்புக் குழி வெட்டி அடியில் காத்திருந்தது. அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து குந்திக்கொண்டார். ஆனால் எல்லா நிலத்திலும் அப்படிப் படுக்க முடியாது. போர் முடிந்தது 2009 இல். முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நடக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற பற்றைக்குள் எந்த அரிய பூச்சி பறந்தாலும் நான் காலடி வைக்க மாட்டேன், பிள்ளைகளையும் விட மாட்டேன். மக்கள் நடந்து நடந்து பழகிய வழி, வயல் வரம்பு, வீட்டு வேலி, கோயில் வளவு. பூச்சிகளுக்கு அது போதும், எங்களுக்கும் போதும்.

போர்க்காலத்தில் ஆய்வாளர்கள் இங்கே சுதந்திரமாக வந்து தேடக்கூடிய நிலை இருக்கவில்லை. அதனால் வன்னியில் திகதியோடும் இடத்தோடும் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. உயிரினப் பதிவுகளைப் பகிர 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் படத்தை இட்டால், உலகத்தில் எங்கோ இருக்கிற ஒரு வண்டு நிபுணர் பார்ப்பார். படம், திகதி, இடம் மூன்றும் இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே இனப்பெயரில் உடன்பட்டால் அது ஆய்வுக்கு எடுக்கக்கூடிய பதிவாகிறது. மன்னாரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதே ஆண்டு டிசெம்பரில், அதுவரை இந்தத் தீவில் பதிவாகாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற இனம் அது. மலேரியாக் காய்ச்சல் என்றால் என்னவென்று வன்னிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு நுளம்பின் காலில் உள்ள புள்ளிகளையும் வெண்பட்டிகளையும் யாரோ நிதானமாகப் பார்த்ததால் அந்தச் செய்தி வந்தது.

படம் எல்லாவற்றுக்கும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். பல வண்டுகளையும் ஈக்களையும் உடலை அறுத்து உள்ளுறுப்பைப் பார்த்தோ மரபணுவைப் படித்தோதான் இனம் பிரிக்க முடியும். அது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. 2020 இல் யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்துப் பிடிபட்ட இத்தாலியர் இருவருக்கு 2024 இல் நீதிமன்றம் ஆறு கோடி ரூபாய் தண்டம் போட்டது. நாங்கள் எடுத்துப்போவது வெளிச்சம் மட்டும். பிள்ளைகளுக்கு இந்த எல்லை தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்த மாரியில் உயிரியல் பிள்ளைகளையும் சித்திரப் பிள்ளைகளையும் ஒரே குழுவாகப் போட்டு, பள்ளிக்கூட வளவில் உள்ள தேசி மரத்தில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைப் பார்க்க விட்டிருக்கிறேன். சின்னப் புழு பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். கடைசித் தடவை தோல் கழற்றியதும் ஒரேயடியாகப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஓர் உறுப்பு வெளியே தள்ளி நாறும். பச்சையைத் தாளில் கலக்கிப் பார்த்த சித்திரப் பிள்ளை ஒருத்தி, "இலையின்ரை பச்சையும் புழுவின்ரை பச்சையும் ஒண்டில்லை ரீச்சர்" என்றாள். உயிரியல் பிள்ளைகள் மூவர் இலையையும் புழுவையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்துச் சரிபார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இன்னும் பச்சையாகாத புழுக்களின் கடைசித் தோல் கழற்றல் வியாழன் இரவு அல்லது வெள்ளி இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரவிலே நடந்தால் யார் வீட்டுக்குக் கிளையை எடுத்துப்போவது, யார் விழித்திருப்பது என்பதில்தான் இப்போது இழுபறி.